இனிஷியல் மாற்றி வரும் ஸ்டீராய்டு

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரியைப் பத்தாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பியாச்சு. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், அப்புறம் பி.காம்., அப்புறம் வங்கி. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மாற்றல் மேல் மாற்றலாகி இப்போது ஜாகை போர்ட் பிளேர் பத்துபஸ்தியில். (2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பே, எதிரில் உட்கார்ந்திருப்பவர் நீட்டும் காகிதத்தை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பதுதான். இன்றைக்கு எழுதப்போவதும் அப்படி ஒரு காகிதத்தைப் பற்றித்தான். ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகள் வாங்கி வரும் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள்.

வங்கிக்காரன் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. இங்கிலீஷில் எது இருந்தாலும் படித்துச் சொல்லிவிடுவான் என்று. எல்.ஐ.சி. பாலிசி, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கப்பல் டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பான் என்ற கணக்கு, எல்லாம் வீடு தேடி வரும். கொஞ்ச காலமாக டப்பாக்களும் வருகின்றன. "சார், பையன் இதைத்தான் தினம் கலக்கிக் குடிக்கிறான். புரோட்டீன்தானே?" பெரும்பாலும் புரோட்டீன்தான். எப்போதாவது வேறு ஒன்றும் வருகிறது. அந்த வேறு ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் டப்பாக்களைப் பிரித்துக்கொள்வோம். வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தெளிநீரைப் பொடியாக்கியது. சாப்பாடுதான், பயப்பட ஒன்றுமில்லை. கிரியேட்டின் என்பது நம் உடம்பே தயாரிக்கும் ஒரு பொருள். மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. பல வருடங்களாக நன்றாக ஆராய்ந்து பார்த்த சமாச்சாரம். வைட்டமின் மாத்திரை உங்களுக்கே தெரியும். இவை மூன்றையும் விட்டுவிடுங்கள். நான்காவதாக ஒரு ஜாதி உண்டு. மேலே தசை முறுக்கிய ஆளின் படம், மின்னல், மண்டை ஓடு, வாயில் நுழையாத நீளப் பெயரில் ஒரே ஒரு சரக்கு, "புரோஹார்மோன்" என்றோ "அனபாலிக்" என்றோ பெரிய எழுத்து. பொடியாகக் கூட இருக்காது, காப்ஸ்யூலாக இருக்கும். இதற்குத்தான் டிசைனர் ஸ்டீராய்டு என்று பெயர்.

இன்னொன்றும் இங்கேயே தெளிவாகிவிடட்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு முற்றிலும் வேறு வகை. இதைப் படித்துவிட்டு யாரும் பாட்டியின் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

*

சரி, கெமிஸ்ட்ரிக்கு வருவோம். எனக்குப் புரிந்த அளவுக்கு, உங்களுக்கும் புரிகிற மாதிரி.

ஆண் உடம்பில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான் இந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். நாலு வளையம் சேர்ந்த ஒரு எலும்புக்கூடு, அதில் 19 கார்பன் அணுக்கள். ஒவ்வொரு கார்பனுக்கும் கதவு இலக்கம் மாதிரி ஒரு எண் உண்டு. 1935-ல் இதை ஆய்வகத்திலேயே தயாரித்துவிட்டார்கள். அதற்கு முக்கியமானவர்களான புட்டெனாண்ட், ருஷிச்கா இருவருக்கும் 1939-ன் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. தசையை வளர்க்கும், குரலை மாற்றும், மீசை முளைக்க வைக்கும், எல்லாம் இவர் வேலை.

ஆனால் ஒரு சிக்கல். இதை மாத்திரையாக விழுங்கினால் பெரிதாகப் பலன் இருக்காது. குடலில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் ஒரு கறாரான செக்போஸ்ட். வந்த சரக்கில் பெரும்பகுதியை அங்கேயே உடைத்துப் போட்டுவிடும். இதைத் தாண்ட வேதியியல்காரர்கள் கண்டுபிடித்த வழி, 17-ஆம் எண் கார்பனில் ஒரு மீத்தைல் குழுவை ஒட்டவைப்பது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி. கல்லீரலால் சுலபமாக உடைக்க முடியாது, மருந்து முழுசாக ரத்தத்துக்குப் போய்விடும். 1958-ல் சிபா கம்பெனி அமெரிக்காவில் விற்க ஆரம்பித்த டயனபால் இந்த வகைதான். அதன் மருந்துப் பெயர் மெத்தாண்டியனோன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க் கதையில் திரும்பவும் வரும்.

பூட்டை உடைக்க முடியாத செக்போஸ்ட்டுக்கு என்ன ஆகும்? சரக்கு தேங்கும். கல்லீரலில் பித்தநீர் ஓட்டம் தடைப்பட்டு, கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். நீண்ட நாள் எடுத்தவர்களுக்குக் கல்லீரலில் ரத்தக் கட்டிகளும், வேறு கட்டிகளும் வந்திருக்கின்றன. வாயால் விழுங்குகிற வசதிக்காக ஒட்டிய அந்தக் குட்டி மீத்தைலுக்குத்தான் இந்த விலை.

*

இனி இனிஷியல் கதை. வங்கியில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த வித்தை. கே. முருகேசன் என்ற பெயரில் கடன் வாராக்கடன் ஆகியிருக்கும். அதே ஆள் எம். கே. முருகேசன் என்று இன்னொரு கிளையில் வந்து புதுக் கணக்கு தொடங்குவார். கம்ப்யூட்டரில் தேடினால் பழைய பாக்கி எதுவும் காட்டாது. ஆள் அதே ஆள், முகம் அதே முகம். பட்டியலில் உள்ள எழுத்து மட்டும் மாறிவிட்டது.

டிசைனர் ஸ்டீராய்டு இதேதான். அரசாங்கமும் விளையாட்டு அமைப்புகளும் தடை செய்த மருந்துகளுக்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் உள்ள மூலக்கூறில் ஒரு இடத்தில் ஒரு அணுவைக் கூட்டினாலோ குறைத்தாலோ அது "வேறு" பொருள் ஆகிவிடுகிறது. தசைக்குள் செய்யும் வேலை கிட்டத்தட்ட அதேதான்.

இதில் பெரிய கதை 2003-ல் வெடித்த பால்கோ விவகாரம். கலிஃபோர்னியாவில் விக்டர் கான்டே என்பவர் நடத்திய நிறுவனம். அதற்கு பாட்ரிக் ஆர்னால்ட் என்ற வேதியியல்காரர் செய்து கொடுத்த சரக்குதான் டி.எச்.ஜி. பெண்களுக்கு வரும் ஒரு கருப்பை நோய்க்குக் கொடுத்துவந்த ஜெஸ்ட்ரினோன் என்ற மருந்தை எடுத்து, நாலே நாலு ஹைட்ரஜன் அணுவைச் சேர்த்தார்கள். சோதனைக்கூடத்தில் சிறுநீரைச் சூடாக்கிப் பார்க்கும் வழக்கமான முறையில் இந்தப் பொருள் சிதைந்துபோய் அடையாளமே தெரியாமல் போனது. ஒரு பயிற்சியாளர் மருந்து ஒட்டியிருந்த சிரிஞ்சை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பி வைத்தார். அதை டான் காட்லின் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் சோதனைக்கூடத்தார் ஆராய்ந்து அடையாளம் கண்டார்கள். யாரும் காட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால்...?

ஓட்டப்பந்தய ராணி மேரியன் ஜோன்ஸ் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வாங்கிய ஐந்து பதக்கங்களையும் 2007-ல் திருப்பிக் கொடுத்தார். 2008-ல் ஜெயிலுக்கும் போனார். அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு மறக்கவே இல்லை. பயிற்சியாளர் அதை ஆளிவிதை எண்ணெய் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். உண்மையோ பொய்யோ, ஒன்று நிச்சயம். பார்வைக்கு அது எண்ணெய் மாதிரித்தான் இருக்கும். ஒலிம்பிக் வீராங்கனை கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை நம் வீட்டு அம்மாக்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பால்கோ சரக்கு பெரிய வீரர்களுக்கான ரகசியச் சரக்கு. நம்மைத் தொடும் கதை அடுத்தது. மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் ஊசியாகப் போட்ட டிராஸ்டனோலோன் என்று ஒரு ஸ்டீராய்டு. அதன் 17-ஆம் கார்பனில் மீத்தைல் பூட்டைப் போட்டால் கிடைப்பது மெத்தாஸ்டிரோன். இதை 1950-களிலேயே ஆய்வகத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். மருந்தாக யாரும் விற்கவில்லை, பழைய ஆராய்ச்சித் தாள்களில் தூங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடம் கழித்து, 2005-ல், யாரோ தூசி தட்டி எடுத்து "சூப்பர்ட்ரால்" என்று பெயர் சூட்டி, அமெரிக்காவில் உணவுச் சத்துப் பொருள் என்று கடையில் வைத்து விற்றார்கள். ஆமாம், உணவு! அங்கே 1994-ல் வந்த சட்டப்படி இந்த மாதிரிச் சத்துப் பொருளுக்கு விற்பதற்கு முன் அரசு ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. விற்ற பிறகு ஆபத்து என்று தெரிந்தால்தான் அரசு வரும்.

மஞ்சள் காமாலையோடு இளைஞர்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். மருத்துவ இதழ்களில் ஒவ்வொன்றாகப் பதிவானது. 2006 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் அது ஏறியது 2012-ல். ஆறு வருடம். அதற்குள் இனிஷியல் மாற்றி எத்தனை தம்பிகள் வந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு மாளாது என்றுதான் 2014 டிசம்பரில் டிசைனர் ஸ்டீராய்டுகளுக்கென்றே தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விற்பவர் என்ன சொல்கிறார்? "இது தடை செய்த ஸ்டீராய்டு இல்லை, புதுசு, லீகல்." அது ஏன் தடைப் பட்டியலில் இல்லை? யாருக்கும் தெரியாத அளவுக்குப் புதுசு என்பதால். யாருக்கும் தெரியாது என்றால் யாரும் சோதித்துப் பார்த்ததும் இல்லை. எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம், பதினெட்டு வயசுப் பையனின் கல்லீரல் தாங்குமா, எந்தக் கணக்கும் கிடையாது. பழைய டயனபாலாவது மருந்தாக ஒரு காலத்தில் டாக்டர்கள் கையில் இருந்தது. அதன் கெடுதல் என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, இந்தச் சரக்கை "லீகல்" ஆக்கும் அதே புதுமைதான் அதை இன்னும் ஆபத்தாக ஆக்குகிறது. சோதனை நடப்பது நம் பையன் உடம்பில். அதற்கும் காசு கொடுப்பது நாம்.

*

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வங்கி பாஷையில் சொன்னால் சீக்கிரம் புரியும். ஒரு கிளைக்குப் பணம் தேவை என்றால் கரன்சி செஸ்ட்டுக்குக் கேட்டு எழுதுவோம், அங்கிருந்து வரும். கிளையில் பணம் வழிகிறது என்று தெரிந்தால் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். மூளைக்கும் விதைப்பைக்கும் இதே ஏற்பாடு. ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு என்று மூளை பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து மாத்திரையாகக் கொட்டினால், "போதும் போதும்" என்று மூளை கட்டளையை நிறுத்திவிடும். விதைப்பை வேலை இல்லாமல் சுருங்கும். விந்தணு எண்ணிக்கை விழும்.

டப்பா தீர்ந்ததும் என்ன ஆகும்? வெளி வரவும் இல்லை, உள் உற்பத்தியும் இல்லை. திரும்ப ஓட ஆரம்பிக்க மாதக் கணக்கில் ஆகலாம். சிலருக்கு அதைவிடவும். அந்த இடைவெளியில் சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு. சில வகைகள் உடம்புக்குள் பெண் ஹார்மோனாக மாறி, ஆண் பிள்ளைக்கு மார்பு வீங்கும். இந்த மாத்திரைகள் நல்ல கொலஸ்ட்ராலைச் சரசரவென்று இறக்கிக் கெட்டதை ஏற்றும். இதயத்துக்கு அது நல்லதல்ல. பெண் பிள்ளைகள் எடுத்தால் குரல் கட்டையாகும், அது திரும்பவே திரும்பாது.

வளரும் வயதில் எடுத்தால் எலும்பின் வளர்முனை சீக்கிரமே மூடிவிடும். உயரம் நின்றுபோகும். போலீஸ், ராணுவம், கோஸ்ட் கார்டு என்று உடல் தகுதித் தேர்வுக்காகத்தான் இங்கே பல பையன்கள் ஜிம்மே சேருகிறார்கள். உயரம் கேட்கும் வேலைக்குப் போக, உயரத்தை நிறுத்தும் மாத்திரை. என்னத்த சொல்ல...

"அங்கிள், எங்க ஜிம்ல பத்துப் பேர் எடுக்கிறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்று ஒரு தம்பி என்னிடமே சொன்னார். கடன் வாங்கின முதல் மாதம் எல்லாரும் நல்ல வாடிக்கையாளர்தான் தம்பி. வாராக்கடன் எது என்று தெரிய நாளாகும்.

*

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4x400 தொடர் ஓட்டத்தில் நம் பெண்கள் தங்கம் வாங்கியது நினைவிருக்கும். அதே வருடம் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் தங்கம். அடுத்த வருடம், 2011-ல், அந்த அணியில் இருந்த அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் உட்பட ஆறு வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். முக்கியமாகக் கிடைத்த சரக்கு என்ன தெரியுமா? அதே மெத்தாண்டியனோன். 1958 சரக்கு. சீனாவிலிருந்து உக்ரைன் பயிற்சியாளர் வாங்கி வந்த ஜின்செங் மாத்திரையில்தான் இது கலந்திருக்க வேண்டும் என்று அவர்கள் வாதாடினார்கள். பயிற்சியாளருக்கு வேலை போனது. இங்கே ஒரு வருடத் தடை கொடுத்தார்கள். 2012-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை இரண்டு வருடமாக ஆக்கியது.

நம் திருச்சி கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம். ஊரே கொண்டாடியது. அப்புறம் சோதனையில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம். தான் தெரிந்து எதுவும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். விசாரணையில் அது எடுபடவில்லை. நாலு வருடத் தடை, பதக்கமும் போனது. உள்ளே எப்படிப் போனது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் விதி என்னவோ ஒன்றுதான். உலக அமைப்புக்குப் பெயர் வாடா, நம்முடையதற்கு நாடா (சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்). வாடாவின் விதிப்படி உன் உடம்பில் எது இருந்தாலும் நீதான் பொறுப்பு. யார் கொடுத்தார், தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கத்தான் உதவும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நிலைமைதான். "நான் படிக்காமல் போட்டேன்" என்றால் வங்கி விடுமா?

வாடா வெளியிட்ட 2023-ஆம் வருடக் கணக்கில் இந்தியாவில் 5,606 மாதிரிகளில் 213-ல் தடைசெய்த பொருள் இருந்தது. கிட்டத்தட்ட 3.8 சதவீதம். பெருமைப்பட ஒன்றுமில்லை.

இந்தத் தீவுகளுக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு இல்லை. நிக்கோபாரில் பிறந்த ஈசோ ஆல்பன் 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலக டிராக் சைக்கிளிங்கில் வெள்ளி வாங்கினார். அந்த மாதிரிக் கனவோடு பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே ஒரு டப்பாவில் அது முடிந்துபோகலாம்.

*

"லேபிள்ல ஸ்டீராய்டுன்னு போடலையே சார்?" இதுதான் எல்லாரும் கேட்கும் அடுத்த கேள்வி. லேபிள் என்பது தணிக்கை செய்யாத ஐந்தொகை. எங்கள் பக்கம் செட்டியார் வீடுகளில் ஐந்தொகை எடுத்தால் காலணா இடித்தாலும் தூங்க மாட்டார்கள். இங்கே கம்பெனியே எழுதுகிறது, கம்பெனியே கையெழுத்துப் போடுகிறது.

ஜெர்மனியின் கொலோன் சோதனைக்கூடத்தார் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். எதிலும் ஹார்மோன் இருப்பதாக லேபிளில் இல்லை. 94-ல் ஸ்டீராய்டு இருந்தது. ஏழில் ஒன்று! இந்தியாவில் 2024-ல் டாக்டர் சிரியாக் ஏபி பிலிப்ஸும் மற்றவர்களும் இங்கே விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்தார்கள். 25-ல் லேபிளில் சொன்ன புரோட்டீன் அளவு சரியாக இல்லை. புரோட்டீன் எடையிலேயே இப்படி என்றால் மற்றதை எப்படி நம்புவது?

சட்டம் இல்லாமல் இல்லை. அனபாலிக் ஸ்டீராய்டு எல்லாம் ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சத்துப் பொருட்களில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் வருட விதி சொல்கிறது. எழுதி வைத்த விதி தானாகப் போய் டப்பாவைத் திறந்து பார்க்காது, அதுதான் பிரச்சினை.

தெரிந்த குடும்பம் ஒன்று, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். பையனுக்குப் பத்தொன்பது வயசு. கண் மஞ்சள். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை, ராத்திரி முழுக்க அரிப்பு. கடைசியில் டாக்டர் கேட்ட பிறகுதான் கட்டிலுக்கு அடியில் இருந்து டப்பா வெளியே வந்தது. "அண்ணே, சத்து மாத்திரைன்னுதானே சொன்னான்" என்று அந்த அம்மா என்னிடம் காட்டினார். இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, பில் இல்லை, யார் மூலமாகவோ கை மாறி வந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. டாக்டர் சந்தேகம்தான் சொன்னார். டப்பாவை நிறுத்தி, மூன்று மாதத்துக்கு மேல் ஆகித்தான் பையன் தேறினான். அந்த வருட ஆளெடுப்பு போய்விட்டது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஊரை விட்டு வந்த அப்பா கூலி வேலையில் கஷ்டப்படுவதைப் பார்த்து, சீக்கிரம் ஒரு உத்தியோகம் வாங்க வேண்டும் என்றுதான் அவன் அதை விழுங்கினான்.

*

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வங்கியில் கே.ஒய்.சி. என்று வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும் முறை உண்டு. டப்பாவுக்கும் ஒன்று வைப்போம்.

ஒன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் முகவரி இருக்கிறதா, பில் உண்டா. இல்லை என்றால் பேச்சே வேண்டாம். இருந்தால்? ஆள் யார் என்று தெரிந்தது, அவ்வளவுதான். நடத்தைச் சான்றிதழ் ஆகாது.

இரண்டு. சரக்குப் பெயரில் மெத்தில், ஆண்ட்ரோ, ஈஸ்ட்ரா, டையோன், 17 என்ற எண், இவை தென்பட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

மூன்று. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. "இத்தனை வாரம் சைக்கிள், அப்புறம் பி.சி.டி. மாத்திரை போடணும்" என்று விற்பவர் சொல்கிறாரா? சாப்பிட்டு முடித்ததும் உடம்பைச் சரிசெய்ய இன்னொரு மாத்திரை வேண்டுமாம். இட்லி சாப்பிட்டால் முறிவு மருந்து தேடுவோமா? அந்த ஒரு வாக்கியத்திலேயே அவர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார்.

நான்கு. போட்டியில் கலந்துகொள்ளும் பிள்ளை என்றால், இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போல ஒவ்வொரு தொகுதியையும் தனியாகச் சோதிக்கும் முத்திரை இருந்தால் மட்டும், அதுவும் அந்தத் தொகுதி எண்ணை அவர்கள் தளத்தில் ஒத்துப் பார்த்துவிட்டு. இல்லையென்றால் டப்பாவே வேண்டாம்.

ஐந்து. ஒரு முட்டையில் 6 கிராம் புரோட்டீன். 100 கிராம் சூரை மீனில் 20 கிராமுக்கு மேல். அது நேற்று இந்தக் கடலில் நீந்தியது, லேபிள் தேவையில்லை. பருப்பு, கடலை, தயிர் இருக்கவே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, பையன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் கத்தாதீர்கள். கத்தினால் டப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து நண்பன் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான் மாற்றம். கண் மஞ்சள், அரிப்பு, கறுத்த சிறுநீர், நெஞ்சு வலி இருந்தால் கீழாநெல்லிக்குக் காத்திராமல் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். ரொம்ப நாளாக எடுத்தவன் என்றால் நிறுத்தும்போதும் டாக்டர் துணை வேண்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தீவுக்குச் சரக்கு வர இரண்டே வழி, கப்பல் அல்லது விமானம். சென்னை மாதிரி நூறு வாசல் கிடையாது. மாதம் பத்து டப்பாவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, எந்தப் பெயரில் என்ன கிடைத்தது என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒட்டி வைத்தால் போதும். பாதி வியாபாரம் தானாகப் படுத்துவிடும். ஜிம் நடத்தும் நம் ஆட்களும் "இங்கே டப்பா விற்பதில்லை" என்று ஒரு பலகை மாட்டலாம். அப்படிப்பட்ட ஜிம்முக்கு நான் முதல் ஆளாகப் பணம் கட்டத் தயார். (என் தொப்பையைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள், பரவாயில்லை.)

வெளியூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் பிள்ளைதான் முதலீடு, பிள்ளைதான் சேமிப்பு. பத்தாயிரம் ரூபாய் எஃப்.டி. போட நாலு வங்கியில் வட்டி விசாரிக்கும் நாம், அவன் வாயில் போடும் மாத்திரைக்கு நாலு கேள்வி கேட்கக் கூடாதா? இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது சும்மா கேட்டுப் பாருங்கள், "தம்பி, அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுத்துட்டு வா, நானும் படிச்சுப் பார்க்கிறேன்" என்று. உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது என்று நீங்களும் எழுதுங்கள்.